படவில்லைகளில் பொதிந்த அசைபடங்கள்: பிரித்தெடுப்பும் பதிப்பு நெறியும்

தமிழ் பிராமியின் ககரம் கூட்டல் குறியைப் போன்றது: நெடுக்கே ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு. அக்குறி மெல்ல வளைந்து இன்றைய ககரமாக உருக்கொள்வதை வகுப்பறைத் திரையில் காட்ட விரும்பிய ஆசிரியருக்கு, இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் எளிதாகக் கைக்கெட்டிய கருவி ஃபிளாஷ் ஆகும். அதில் ஆக்கிய அசைபடத்தைப் பவர்பாயிண்ட் வில்லை ஒன்றினுள் பொதித்து, பாடம் நடத்துகையில் உரிய இடத்தில் ஓடவிடலாம். எழுத்து வரலாற்றுக்கு மட்டுமன்றிப் புணர்ச்சி இலக்கணம், யாப்பு, தமிழைப் புதிதாகக் கற்போருக்கான எழுத்துப் பயிற்சி ஆகியவற்றுக்கும் இம்முறை பொருந்தியது. அவ்வாறு அமைந்த வில்லைக்காட்சியை இன்று திறப்போர் காண்பது, அசைபடம் இருந்த இடத்தில் ஒரு வெற்றுப் பெட்டியை.

காரணம் யாவரும் அறிந்ததே. ஃபிளாஷுக்கான ஆதரவை 2020 டிசம்பர் 31ஆம் நாளுடன் நிறுத்துவதாக அடோபி நிறுவனம் 2017 ஜூலையிலேயே அறிவித்தது; 2021 ஜனவரி 12 முதல் ஃபிளாஷ் பிளேயரே தன்னுள் எதுவும் ஓடாதவாறு தடுத்துக்கொண்டது. பெட்டி வெறுமையாகத் தோன்றுவதால் உள்ளே ஒன்றுமில்லை என்பது பொருளன்று. ஓட்டும் கருவி போயிற்று. ஓட வேண்டிய பொருள் பெரும்பாலும் கோப்பினுள் அப்படியே உறங்குகின்றது.

இவ்வெற்றுப் பெட்டிகளை என்செய்வது என்ற வினாவுக்கு இரண்டு விடைகள் வழக்கத்தில் உள்ளன. பழையதைக் கைவிட்டுப் புதிதாகச் செய்துகொள்ளலாம் என்பது ஒன்று. பழைய கணினி ஒன்றைத் தேடிப்பிடித்து, அதில் அசைபடத்தை ஓடவிட்டு, திரையைக் காணொலியாகப் பதிவுசெய்துகொள்ளலாம் என்பது மற்றொன்று. முதலாவது விடை உழைப்பை மறுப்பது. இரண்டாவது, உழைப்பைக் காப்பதாகத் தோன்றினும், ஆய்வுநோக்கில் முதலாவதினும் தீங்கு மிகுந்தது. அசைபடத்தை அதன் மூலவடிவிலேயே கோப்பிலிருந்து பிரித்தெடுத்து வைத்துக்கொண்டு, அதன் பின்னரே வேறு வடிவங்களுக்கு மாற்ற வேண்டும். அம்மாற்றத்தைத் தொழில்நுட்பப் பணியாகக் கருதாது, தமிழ்த்துறைக்கு உரிய பதிப்புப் பணியாகக் கொள்ள வேண்டும்.

கோப்பினுள் இருப்பது

பவர்பாயிண்ட் கோப்பு ஒரு பேழை. ஆபிஸ் 2007 முதல் வழக்குக்கு வந்த பிபிடிஎக்ஸ் வடிவம் உண்மையில் ஒரு ஜிப் பொதி. கோப்பின் படி ஒன்றை எடுத்து, அதன் பெயரிறுதியை ஜிப் என மாற்றித் திறந்தால், உள்ளே கோப்புறைகள் வரிசையாகத் தென்படும். மீடியா என்னும் கோப்புறையில் படங்களும் ஒலிகளும் காணொலிகளும் ஜிஃப் அசைபடங்களும் தனித்தனிக் கோப்புகளாகவே கிடக்கும். அவற்றை வெளியே எடுத்து வைப்பதற்குச் சிறப்பு மென்பொருள் எதுவும் தேவையில்லை. ஃபிளாஷ் அசைபடம் அங்கிராது. அது ஆக்டிவ்எக்ஸ் என்னும் கோப்புறையில், பெயரைக் கண்டு அடையாளம் காண இயலாத இருமக் கோப்பொன்றின் நடுவே பொதிந்திருக்கும்.

அதனைக் கண்டுகொள்வதற்கு ஒரு முத்திரை உண்டு. எல்லா எஸ்டபிள்யூஎஃப் கோப்புகளும் மூன்று ரோமன் எழுத்துகளுடன் தொடங்குகின்றன. எஃப், டபிள்யூ, எஸ் எனத் தொடங்கினால் சுருக்கப்படாதது. முதலெழுத்து சி எனில் ஸீலிப் முறையில் சுருக்கப்பட்டது. இஸட் எனில் பிற்கால எல்ஸெட்எம்ஏ முறையில் சுருக்கப்பட்டது. நான்காம் பைட்டு பதிப்பெண்ணையும், அடுத்த நான்கு பைட்டுகள் கோப்பின் நீளத்தையும் கூறும். சுருக்கப்பட்டவற்றில் அந்நீளம் விரித்த பின் அமையும் நீளமேயன்றிச் சுருங்கிய நிலையின் நீளமன்று என்பதை மறந்தோர், முத்திரையிலிருந்து அத்தனை பைட்டுகளை எண்ணி வெட்டியெடுத்து, அசைபடத்துடன் அதற்குத் தொடர்பில்லாத வாலையும் சேர்த்தெடுப்பர். 1997 முதல் 2003 வரையிலான பதிப்புகளின் பழைய பிபிடி கோப்பிலும் இதே முத்திரையைத் தேடலாம். அவ்வாறின்றி, அண்மைப் பதிப்பில் திறந்து பிபிடிஎக்ஸாகச் சேமித்துப் பிரிப்பதும் உண்டு. எனினும் மூலக்கோப்பின் மீது எதனையும் சேமித்தலாகாது. ஆக்டிவ்எக்ஸை அறியாத மென்பொருள் ஒன்றில் திறந்து மீளச் சேமிக்கையில் பொதிந்த பகுதி ஓசையின்றி உதிர்ந்துவிடக்கூடும். உதிர்ந்த பின்னும் அதே வெற்றுப் பெட்டியே தோன்றுமாதலின், இழப்பு நேர்ந்ததே தெரியாது.

பேழை திறந்தும் பொருள் இல்லாமற்போவதும் உண்டு. ஃபிளாஷைப் பொதிக்கையில் எம்பெட்மூவி என்னும் பண்பை 'ஆம்' என மாற்றியிருந்தால் மட்டுமே அசைபடம் கோப்பினுள் நுழைந்திருக்கும். மாற்றாது விட்டோரின் கோப்பில் எஞ்சுவது ஒரு முகவரி மட்டுமே: யாரோ ஓர் ஆசிரியரின் கணினியில் டி இயக்ககத்தில் இருந்த ஒரு கோப்புறையின் பாதை. காணொலிகளுக்கும் இதுவே நிலை. பவர்பாயிண்ட் 2007 வரையிலான பதிப்புகள் காணொலியைப் பொதிக்காமல் இணைப்பை மட்டுமே வைத்தன. 2010 பதிப்பிலேதான் பொதித்தல் இயல்பாயிற்று. ஆதலின் பழைய குறுவட்டிலிருந்து வில்லைக்காட்சியை மட்டும் படியெடுத்து, அதனருகே இருந்த கோப்புகளை விட்டுவருவது, உரையை எடுத்துக்கொண்டு மூலத்தை விட்டுவருவதற்கு ஒப்பாகும்.

பிரித்தெடுத்த எஸ்டபிள்யூஎஃப் கோப்பை இன்று இயக்கிப் பார்ப்பதற்கு ரஃபிள் என்னும் திறந்தமூலப் போன்மி உதவுகின்றது. இணைய ஆவணக்காப்பகம் 2020 நவம்பரில் ஃபிளாஷ் ஆக்கங்களை உலாவியிலேயே இயக்கிக் காட்டத் தொடங்கியது இதன் துணையாலேயே. ஃபிளாஷின் நிரல்மொழியாகிய ஆக்‌ஷன்ஸ்கிரிப்டின் முதலிரண்டு பதிப்புகளை ரஃபிள் நன்கு கையாள்கின்றது. 2006இல் வந்த மூன்றாம் பதிப்பில் அதன் திறன் இன்னும் நிறைவுறவில்லை. ஆகவே மிகப் பழைய அசைபடங்கள் நன்கு ஓடுவதும், அவற்றினும் புதியன தடுமாறுவதும் நேர்கின்றன. ஜேபெக்ஸ் என்னும் மற்றொரு திறந்தமூலக் கருவி கோப்பைக் கூறுகூறாகப் பிரித்து, வடிவங்களை எஸ்விஜியாகவும் ஒலிகளைத் தனிக்கோப்புகளாகவும் நிரல்களைப் படிக்கத்தக்க உரையாகவும் தருகின்றது. திரைப்பதிவை விடுத்துப் பிரித்தெடுப்பை நாடுவதன் பயன் இப்பகுப்பிலேயே உள்ளது.

இடைநிலை வடிவங்களின் சிக்கல்

கூட்டல் குறி ககரமாக மாறும் அசைபடத்துக்கு மீள்வோம். ஃபிளாஷில் ஷேப் ட்வீன் என்றோர் உத்தி உண்டு. ஆசிரியர் தொடக்க வடிவத்தை வரைவார். இறுதி வடிவத்தை வரைவார். இடைப்பட்ட வடிவங்களை மென்பொருள் கணக்கிட்டு நிரப்பிக்கொள்ளும். ஃபிளாஷின் பழைய பதிப்புகளின் இயல்பான வேகம் நொடிக்கு 12 சட்டகம். ஐந்து நொடி ஓடும் மாற்றத்தில் அறுபது சட்டகங்கள் அமையும். அவற்றுள் முதலும் இறுதியும் மட்டுமே ஆசிரியர் வரைந்தவை. எஞ்சிய ஐம்பத்தெட்டும் எந்தக் கல்லிலும் எந்தச் செப்பேட்டிலும் எந்தப் பானையோட்டிலும் வெட்டவோ கீறவோ படாதவை. இரண்டு வளைகோடுகளுக்கு இடையே கணக்கு கண்ட வழிகள்.

எஸ்டபிள்யூஎஃப் கோப்பில் இவ்வேறுபாடு மிகத் தெளிவாகப் பதிவாகியுள்ளது. அங்கே உருமாறும் வடிவம் என ஒரு கூறு தனியே வரையறுக்கப்பட்டு, அதில் தொடக்க வடிவும் இறுதி வடிவும் மட்டும் சேமிக்கப்படுகின்றன. ஒவ்வொரு சட்டகத்திலும் அவ்விரண்டனுக்கும் இடையே எவ்வளவு தொலைவு கடந்தது என்பதை 0 முதல் 65535 வரையிலான ஓரெண் சுட்டும். ஆசிரியர் இடையில் வட்டெழுத்தையோ பல்லவர் காலத் தமிழெழுத்தையோ சான்றுடன் வரைந்து சேர்த்திருந்தால், அது தனியொரு வடிவமாகவே கோப்பில் நிற்கும். எத்தனை வடிவங்களுக்கு அவர் சான்று கண்டார், எத்தனை இடைவெளிகளைக் கருவியின் பொறுப்பில் விட்டார் என்பதைக் கோப்பைப் பிரித்த எவரும் எண்ணிச் சொல்லிவிடலாம்.

திரைப்பதிவில் இவ்வேறுபாடு முற்றாக அழிகின்றது. காணொலிக்கு எல்லாச் சட்டகமும் ஒன்றே. அறுபது படங்களும் ஒரே தகுதியுடன் நிற்கும்; அவற்றுள் இருபத்தேழாவதை ஒருவர் நிறுத்திப் படமெடுத்துத் தம் ஆய்வேட்டில் 'ககரத்தின் இடைக்கால வடிவம்' என ஒட்டிவிட்டால், அதனை மறுப்பதற்குக் காணொலியில் சான்று ஏதும் இராது. சங்க நூற்பதிப்புகளில் ஏடு சிதைந்த இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டும் மரபை உ.வே.சாமிநாதையர் முதலிய பதிப்பாசிரியர்கள் பேணினர். ஷேப் ட்வீன் என்பது சிதைந்த இடத்தைப் புள்ளியின்றி நிரப்புவது. வகுப்பறையில் அதற்கு ஆசிரியரின் வாய்மொழி விளக்கம் துணையிருந்தது. விளக்கம் மறைந்து அசைவு மட்டும் எஞ்சுமாயின் நிரப்பியதும் பாடமாகிவிடும்.

எழுதும் முறையைக் கற்பிக்கும் அசைபடங்களில் இதே சிக்கல் வேறு முகங்காட்டுகின்றது. ஓரெழுத்தைக் கை எழுதிச் செல்வது போலக் காட்டுவதற்கு ஃபிளாஷ் பயில்வோர் கையாண்ட எளிய வழி, முழு எழுத்தையும் முதலில் வைத்து, ஒவ்வொரு சட்டகத்திலும் அதன் கடைமுனையிலிருந்து சிறிது சிறிதாக அழித்து, பின்னர்ச் சட்டகங்களின் வரிசையைத் தலைகீழாக்குவது. இங்கே எழுதும் வரிசை என்பது எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. அடுத்தடுத்த சட்டகங்களுக்கு இடையிலான வேறுபாட்டில் மட்டுமே அது உள்ளது. கோப்பின் அளவைக் குறைப்பதற்காகச் சட்டகங்களை ஒன்றுவிட்டு ஒன்று நீக்கி ஜிஃபாக மாற்றுவோர், 'ணை'யில் சுழி எங்கே தொடங்கித் திரும்பிற்று என்பதையே நீக்கிவிட நேரும். ஜிஃபில் ஒலி இல்லை. ஒரு சட்டகத்துக்கு 256 வண்ணங்களே உண்டு. அதன் காலக்கணக்கும் நொடியின் நூற்றிலொரு பங்கை அலகாகக் கொண்டது. நொடிக்கு 12 சட்டகம் என்பது அவ்வலகில் முழுவெண்ணாக அமையாமல் 8 எனக் குறுகுவதால், இருபது நொடி அசைபடம் 19.2 நொடியில் முடிந்துவிடும். தனித்திருக்கும்போது இது பொருட்டன்று. ஒலிக்கோப்பைப் பிரித்தெடுத்துப் பக்கத்தில் ஓடவிட்டால், குரல் 'ழ' என்று சொல்வதற்கு முன்னரே படம் எழுதி முடித்திருக்கும்.

எழுத்துருவும் எழுத்தும்

இக்கோப்புகள் பலவும் ஒருங்குறி பரவலாவதற்கு முற்பட்ட காலத்தின. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தாம், தாப் குறியாக்கங்கள் வகுக்கப்பட்டன. ஈழத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் பாமினி பரவியிருந்தது. ஃபிளாஷ் எழுத்துருவின் வடிவங்களைக் கோப்பினுள்ளேயே கொண்டுசெல்வதால் திரையில் தமிழ் பிழையின்றித் தோன்றும். உரையைப் பிரித்தெடுத்தால் கிடைப்பது வேறு. பாமினியில் அமைந்ததெனில், புள்ளி வரவேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளியுடன் ரோமன் எழுத்துகளின் குவியலே கிடைக்கும். அதனை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் பல உள்ளன, மாற்றுவது அரிதன்று.

அரிதானது மாற்றத்தின்போது மறைவதைக் கவனிப்பது. பழைய குறியாக்கங்களில் 'கொ' என்பது கண்ணுக்குத் தோன்றும் வரிசையில், கொம்பு முதலிலும் ககரம் அடுத்தும் கால் இறுதியிலுமாக நிற்கும். ஒருங்குறியில் ககரம் முதலில் வந்து, உயிர்க்குறி அதனைத் தொடரும். சொல்லைத் தேடவும் அகரவரிசைப்படுத்தவும் பின்னதே தகுந்தது. எழுத்துப் பயிற்சி அசைபடத்தில் கொம்பு, மெய், கால் என்ற வரிசை கை எழுதும் வரிசையாகும்; அதுவே பாடம். ஒருங்குறிக்கு மாற்றிய உரையை மட்டும் வைத்துக்கொண்டு அசைபடத்தைப் புதிதாக ஆக்கினால், கற்பவர் ககரத்தை எழுதிவிட்டு இடப்பக்கம் திரும்பிக் கொம்பு போட நேரிடும். இத்தகைய இடங்களில் இரண்டு வரிசைகளையும் குறித்து வைப்பதே முறை. கணினியறிஞர் ஒருவர் இதனைப் பிழை எனக் கருதித் திருத்திவிடுவார். எழுத்தைக் கற்பித்துப் பழகியவரே இது பிழையன்று என அறிவார். பணி தமிழ்த்துறைக்குரியது என்பதற்கு இதனினும் வேறு சான்று தேவையில்லை.

சொடுக்குக்கு முன் உள்ள அமைதி

ஃபிளாஷ் இல்லாத வில்லைக்காட்சிகளுக்கும் இவ்வாராய்ச்சி பொருந்தும். பவர்பாயிண்ட் தானே வழங்கும் அசைவுகளைக் கொண்டு புணர்ச்சியைக் கற்பிக்கும் வில்லை ஒன்றை எண்ணுக. 'பொன்' எனவும் 'குடம்' எனவும் இரு சொற்கள் நிற்கின்றன. ஆசிரியர் சொடுக்கியதும் அவை நெருங்குகின்றன. அங்கே அசைவு நிற்கின்றது. மாணவர் விடையை எண்ணுகின்றனர். ஒருவர் பிழையாகச் சொல்கிறார், மற்றொருவர் திருத்துகிறார். மறுமுறை சொடுக்கியதும் னகர மெய் மறைந்து றகர மெய் தோன்றிப் 'பொற்குடம்' ஆகின்றது. இவ்வில்லையின் உயிர் இரு சொடுக்குகளுக்கு இடைப்பட்ட அமைதியில் உள்ளது.

இதனைப் பவர்பாயிண்டிலிருந்தே காணொலியாக மாற்றுகையில், நேரம் முன்கூட்டிப் பதிவாகாத வில்லைகளுக்கு மென்பொருள் ஐந்து நொடியை இயல்பாக ஒதுக்குகின்றது; சொடுக்குக்குக் காத்திருந்த அசைவுகள் காத்திராமல் தாமே ஓடுகின்றன. வினா எழுமுன்னரே விடை வந்துவிடும். பிடிஎஃபாக மாற்றினாலோ அசைவு யாவும் நீங்கி, தோன்ற வேண்டியவையும் மறைய வேண்டியவையும் ஒருங்கே பதிவாகும்; 'பொன்' மீது 'பொற்' ஏறி நின்று இரண்டும் படிக்க இயலாதனவாகும். மாணவர்க்கு அனுப்பப்பெறும் பாடக்குறிப்புகளில் இக்காட்சி அரிதன்று.

பிபிடிஎக்ஸ் கோப்பினுள் ஒவ்வொரு வில்லைக்கும் உரிய எக்ஸ்எம்எல் கோப்பைத் திறந்தால், எந்தப் பொருள், எந்தச் சொடுக்கில், எத்தனை மில்லிநொடி தாழ்த்து, எவ்வாறு அசையும் என்பது முழுவதும் எழுத்தாகவே எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். அதிலிருந்து படிநிலைகளை வரிசையாக எடுத்தெழுதி, ஒவ்வொரு காத்திருப்புக்கும் ஒரு தனிப்படம் என அமைத்தால், அச்சிலும் அவ்வமைதி காக்கப்பெறும். இதற்கு ஒரு மாலைப்பொழுதின் உழைப்பு போதும்.

பதிப்பாகக் கொள்ளுதல்

இவ்வளவு நுட்பம் வேண்டுமா, மாணவர் பார்த்துப் புரிந்துகொண்டால் போதாதா என்னும் மறுப்பில் ஓரளவு உண்மை உண்டு. எல்லா அசைபடங்களும் இந்த உழைப்பைப் பெறும் தகுதியுடையன அல்ல. முதல் வில்லையில் சுடர் அசையும் குத்துவிளக்கையும், 'நன்றி' என்னும் இறுதி வில்லையில் கைகூப்பும் பொம்மையையும் எவரும் தேடப்போவதில்லை. பின்னணிக் குரலுடன் தொடக்கம் முதல் இறுதிவரை நில்லாது ஓடும் அசைபடத்துக்கு எம்பி4 காணொலியே தக்க வடிவம். ரஃபிளில் சரிவர ஓடாதவற்றுக்குத் திரைப்பதிவே கடைசிப் புகல் ஆகலாம். ஆனால் அசைவே வாதமாக அமைந்த இடங்களில், அதாவது எழுத்து உருமாற்றம், எழுதும் வரிசை, புணர்ச்சி, சீர் பிரிப்பு ஆகியவற்றில், திரைப்பதிவுடன் நிறைவடைவது ஏட்டைப் பார்த்துப் படியெடுத்தபின் ஏட்டை ஆற்றில் விடுவதாகும்.

பதிப்பு என்று கொண்டால் சில கடமைகள் தாமே பின்தொடரும். மாற்றிய வடிவத்துடன் மூல எஸ்டபிள்யூஎஃப் கோப்பும், அது எந்த வில்லைக்காட்சியில் எத்தனையாவது வில்லையிலிருந்து எடுக்கப்பெற்றது என்ற குறிப்பும் உடனிருக்க வேண்டும். எது நீங்கிற்று, எது சேர்ந்தது, வேகம் மாறிற்றா என்பன பாடவேறுபாடு போலக் குறிக்கப்பட வேண்டும். ஆக்கியோர் பெயர் கட்டாயம் இடம்பெற வேண்டும். பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 17ஆம் பிரிவு, பணியின் கடமையாக ஆக்கியதன் முதலுரிமையை, மாறான உடன்பாடு இல்லாதவிடத்து, பணியளித்தோர்க்கு வழங்கினும், 57ஆம் பிரிவு ஆக்கியோன் என்னும் உரிமையையும், தன் மதிப்புக்கு ஊறு விளைக்கும் சிதைவை மறுக்கும் உரிமையையும் ஆக்கியவரிடமே விடுகின்றது. சட்டகம் உதிர்த்த ககரத்தின் கீழ் ஒருவர் பெயரை இடுவதற்கு முன் இதனை நினைத்தல் தகும். இத்தகைய பதிப்புகளை ஆய்வுப் பணியாக மதிப்பிட்டு வெளியிட ஆய்விதழ்களும் முன்வர வேண்டும். மதிப்பெண் இல்லாத உழைப்பை இளம் ஆய்வாளர்மீது சுமத்துதல் நெடுநாள் செல்லாது.

எஸ்டபிள்யூஎஃப் என்பதும் முழு மூலமன்று. அது வெளியீட்டு வடிவமே. அசைபடம் ஆக்கப்பெற்ற எஃப்எல்ஏ கோப்பே ஆசிரியரின் கையெழுத்துப்படி. அடுக்குகளின் பெயர்கள், கைவிட்ட வரைவுகள், சில வேளைகளில் எந்தக் கல்வெட்டைப் பார்த்து வரைந்தார் என்ற குறிப்பு ஆகியன அதில் எஞ்சியிருக்கலாம். அது வில்லைக்காட்சியினுள் இராது. குறுவட்டிலும் பெரும்பாலும் இராது. ஆக்கியவரின் வீட்டுக் கணினியில், அதுவும் இன்னும் இயங்குமாயின், இருக்கலாம். அதனைக் கேட்டுப் பெறுவதற்குத் துறைக்கு நிதியொதுக்கீடோ குழுவோ தேவையில்லை. அவர் ஓய்வுபெறுவதற்கு முந்தைய பருவத்தில் ஒருவர் சென்று கேட்டால் போதும்.